சார் படுத்தால் திரை கறுக்கும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு ராசி உண்டு: நாங்கள் போய் வாசலில் செருப்பைக் கழற்றினாலே பாதி மெஷின்கள் தாமாகச் சரியாகிவிடும்.

"இவ்வளவு நேரம் வரவே இல்லைங்க, நீங்க வந்ததும் வந்துடுச்சு" என்று கஸ்டமர் அசடு வழிவார். நீங்களும் வழிந்திருப்பீர்கள். லாக் செய்துவிட்டு எழுந்து போய், ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் திரும்பினால் திரை கறுப்பாகக் கிடக்கும். மவுஸை ஆட்டுவீர்கள். என்டரைக் குத்துவீர்கள். மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். பிறகு பவர் பட்டனை நீளமாக அழுத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பீர்கள். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் விஜயா. ஊர் உப்பிலியபுரம். பாலிடெக்னிக் முடித்த கையோடு திருச்சிக்கு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரஹீம் பாயின் கடையில் பதினாறு வருஷமாக சர்வீஸ் எஞ்சினியர். ஸ்கூட்டியின் முன்னால் டூல்ஸ் பை, டிக்கியில் கேபிள் சுருள், இதுதான் என் ஆபீஸ். கறுத்த திரையின் முன்னால் தனியாகத் தவித்த எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருத்திக்கு நான் செய்த அநியாயத்தை எங்காவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதற்காகவும்.

கூட யாரும் வரலையா?

வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடை. மத்தியானம் லாக் செய்துவிட்டுப் போன முதலாளி திரும்பி வந்தபோது திரை கறுப்பு. நான் போய் நின்றதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "கூட ஆம்பளை யாரும் வரலையாம்மா?" என்றார். இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எண்ணவே ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்திருந்தால் வேறு வேலை பார்த்திருக்க முடியாது.

மேஜைக்கடியில் புகுந்து பார்த்தேன். சிபியு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரின் கீழ் விளிம்பில் உள்ள சின்ன பட்டன் அணைந்திருந்தது. கடையைத் துடைத்த அம்மாவின் துணி பட்டிருக்கும். அழுத்தினேன், வந்துவிட்டது. அவர் நம்பவில்லை. இவ்வளவுதானா, உள்ளே வேறு ஏதோ இருக்கும், இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று முகம் சொன்னது. என் கண் முன்னாலேயே ரஹீம் பாய்க்குப் போன் போட்டார். பாய் அந்தப் பக்கம் நான் சொன்னதையே சொன்னார். அதுவரை நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, தப்புச் செய்தவள் மாதிரி நின்றேன். உள்ளே கொதித்தது. சொன்னது சரியாக இருந்தும் நம்பப்படாமல் நிற்பது என்ன மாதிரி இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். போனை வைத்துவிட்டு முதலாளி என்னிடம் பேசவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம்தான் சொன்னார்: "பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு போல."

காரணம் என்ற கட்டம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் சர்வீஸ் சீட்டு எழுத வேண்டும். வெள்ளைச் சீட்டு கஸ்டமருக்கு, கார்பன் வைத்து எடுத்த மஞ்சள் சீட்டு கடைக்கு. அதில் 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். ஆரம்பத்தில் அந்தக் கட்டம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. போய் நின்றதும் சரியாகிவிட்ட மெஷினுக்கு என்ன காரணம் எழுதுவது? ஒருநாள் உள்ளதை உள்ளபடி 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

ரஹீம் பாய் நல்ல மனிதர். தொழுகைக்குப் போகும்போது கூட, மழை வரும்போல இருந்தால் என் ஸ்கூட்டியின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டுப் போவார். அவர் அந்த மஞ்சள் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு, 'பயன்படுத்துபவரின் தவறு' என்று எழுதினார். அதிலிருந்து நானும் அப்படியே. பத்தில் ஏழு தடவை அது உண்மையும்கூட. உறையூரில் ஒரு வக்கீல் கேஸ் கட்டைக் கீபோர்டின் மேல் வைத்து, வெளிச்சம் குறைக்கும் பட்டனை மூன்று நாளாக அழுத்திக்கொண்டிருந்தார். மீதி மூன்று தடவைக்கும் அதையே எழுதினேன், யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் பாய் சொன்னது இதுதான்: "தெரியலைன்னு மட்டும் எழுதிடாதம்மா. தெரியலைன்னு சொல்ற ஆளை அடுத்த தடவை யாரும் கூப்பிட மாட்டாங்க."

டிவியில் வந்த பெயர்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு யாத்திரை ஆபீஸ். காசி, பத்ரி, அகோபிலம் என்று ஆட்களைக் கூட்டிப் போகிறவர் ராகவன் சார். நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் எப்போதும் ஒரு துண்டு. முன்னறையில் கம்ப்யூட்டரும் ஒரு மேஜையும். உள்ளறையில் அவருடைய கட்டிலும் சுவரில் பெரிய டிவியும். யாத்திரைக்கு விசாரிக்க வருகிற பெரியவர்களை உள்ளே உட்கார வைத்து, தங்கும் இடம், போகும் வழி எல்லாவற்றையும் டிவியில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சுவரில் துளை போட்டு, முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு நான்தான் கேபிள் இழுத்தேன். டிவி அணைந்திருந்தால் எல்லாம் மானிட்டரில் வரும், டிவியைப் போட்டால் டிவிதான் முதல் திரை, மானிட்டர் இரண்டாவது. அப்படி செட்டிங்ஸ் வைத்துக் கொடுத்தேன். கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று நானே சொன்ன யோசனை அது.

அன்றைக்குத்தான் சுமதி வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். மண்ணச்சநல்லூர்க்காரி, ஏறக்குறைய என் வயது. பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களான பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்திருந்தாள். யாத்ரீகர்களின் ஆதார் நகலெல்லாம் கம்ப்யூட்டரில் இருப்பதால், எழுந்து போனால் லாக் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் பெயரிலேயே லாகின் போட்டேன். சோதித்துப் பார்க்க லாக் செய்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அகலத்துக்கு 'சுமதி' என்று வந்து, கீழே பாஸ்வேர்டு கேட்டது. அவள் உள்ளறை வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "என் பேரை இவ்ளோ பெருசா நான் எங்கயுமே பார்த்ததில்லைங்க மேடம்."

ஏள்ளணும், ஏள்ளணும்

இரண்டு மூன்று மாதத்தில் ராகவன் சார் படங்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார். டிவி அவருடைய மத்தியானத் தூக்கத்துக்கு என்று ஆனது. அவருக்கு ஏதாவது உபன்யாசம் ஓடிக்கொண்டிருந்தால்தான் கண் அசரும்.

அதற்குப் பிறகுதான் சுமதியிடமிருந்து முதல் போன் வந்தது. சாப்பிடப் போகும்போது லாக் செய்தாளாம், திரும்பி வந்தால் திரை கறுப்பாம். நான் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியதும் சத்தம் கேட்டு ராகவன் சார் எழுந்துவிட்டார். யார் வந்தாலும் எழுந்து வாசலுக்கு வந்து வரவேற்பது அவர் வழக்கம். டிவியை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கோ வாங்கோ, ஏள்ளணும்" என்றபடி வந்தார். எழுந்தருள வேண்டும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குக் கூட ஒரு டிக்கெட் போட்டிருக்கிறாரோ என்று நினைக்கிற அளவுக்கு மரியாதை. அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேஜைக்குப் போனால், திரை பளிச்சென்று இருந்தது. சுமதி என்று பெயர், கீழே பாஸ்வேர்டு கட்டம். சுமதிக்கு முகம் விழுந்துவிட்டது.

இரண்டாவது தடவையும் இதே கதை. ஸ்கூட்டி, டிவி அணையும் சத்தம், துண்டு, ஏள்ளணும், பளிச். மூன்றாவது தடவையும். கேபிளை எல்லாம் பிடுங்கி மாட்டினேன். டிரைவர் புதிதாகப் போட்டேன். இருபது தடவை லாக் செய்து இருபது தடவையும் திறந்து காட்டினேன். மூன்று சீட்டிலும் காரணக் கட்டத்தில் கை தானாகவே அந்த மூன்று சொல்லை எழுதியது: பயன்படுத்துபவரின் தவறு. இல்லையில்லை, இரண்டு சொல். எண்ணக்கூடத் தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாவது நாள் நான் பையை மூடும்போது சுமதி, சார் காதில் விழாமல், மெதுவாகச் சொன்னாள்: "சார் சாப்பிட்டுப் படுத்தா மட்டும்தான் மேடம் இப்படி ஆகுது. மத்த நேரத்துல ஒண்ணும் ஆகறதில்லை."

டீக்கடையில் ஒரு வைத்தியம்

இதை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக்காக்கினேன்.

கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாயங்காலம் எல்லோரும் கூடுவோம். பக்கத்து மொபைல் கடைப் பையன்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், ரஹீம் பாய், நான். அன்றன்றைய கஸ்டமர் கூத்துகளைச் சொல்லிச் சிரிப்பதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. நான் நன்றாகவே நடித்துக் காட்டுவேன். சுமதியின் குரலில், முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சார் படுத்தா கம்ப்யூட்டரும் படுத்துருதுங்க மேடம்" என்றேன். அவள் சொல்லாத வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன், சிரிப்பு வர வேண்டுமே. டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு ஒரு மாதத்துக்கு யார் கடையில் எது ரிப்பேரானாலும் 'சார் படுத்துட்டாரா' என்பதே கேள்வி. ஒரு நோயாளி வந்து, 'இதைச் சாப்பிட்டால்தான் வலிக்கிறது' என்று டாக்டரிடம் சொன்னால் டாக்டர் அதை எழுதிக்கொள்வார். அந்த அளவு மரியாதையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், ஏதோ மருந்து சொல்கிற மாதிரி சொன்னார்: "அப்ப அந்த சாரைப் படுக்க விடாம பார்த்துக்கங்க, மெஷின் நல்லாயிடும்."

இவ்வளவுதான் வைத்தியம். அதைக் கேட்டும் நான் சிரித்தேன்.

முசிறிச் சகோதரிகள்

காசிக்கு ஒரு பேட்ச் கிளம்ப இருந்தது. முசிறியிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், இருவருமே கணவரை இழந்தவர்கள், கடைசி நேரத்தில் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்து அன்றைக்கு மூன்று மணிக்குள் அனுப்பினால்தான் அவர்களுக்கும் இடம். சுமதி பெயர்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். திரை கறுப்பு.

சாரைத் தூக்கத்தில் எழுப்பக் கூடாது என்பது அந்த ஆபீஸின் சட்டம். எனக்குப் போன் செய்தாள். நான் தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நம்பரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பாஸ்வேர்டை நிதானமா போடுங்க, வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. மூன்றரை மணிக்கு சார் எழுந்தார், டிவியை அணைத்தார், திரை வந்தது, பேட்ச் மூடியிருந்தது. அக்காவும் தங்கையும் பெட்டி கட்டி, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் வந்துவிட்டார்களாம். ஆபீஸில் வந்து அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வருஷம் உடம்பு ஒத்துழைத்தால் பார்ப்போம் என்று அக்கா சொன்னதை ராகவன் சாரால்தான் தாங்க முடியவில்லை.

அவர் கையில் என் மூன்று வெள்ளைச் சீட்டும் இருந்தது. எனக்குப் போன் செய்தார். "உள்ளதைச் சொல்லணும். தோஷம் மெஷின்லயா, மனுஷாள்லயா?" ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஒருநாள் பொறுங்கள் சார், வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். "மெஷின்ல ஒண்ணுமில்லை சார்" என்றேன். அந்த வாரமே சுமதியை நிறுத்திவிட்டார். போகும் வழியில் அவள் எங்கள் கடை வாசலில் இறங்கினாள். உள்ளே வரவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் நின்றபடியே சொன்னாள்: "நீங்க ஒரே ஒரு நாள் ரெண்டு மணிக்கு வந்து சும்மா உக்காந்து பார்த்திருக்கலாம் மேடம்."

ஸ்கூட்டி இல்லாமல் போன நாள்

நாலைந்து மாதம் போயிருக்கும். சுமதியின் இடத்தில் பவித்ரா என்று ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். அவளிடமிருந்து போன்: "அக்கா, லாக் பண்ணிட்டு வந்தா ஸ்கிரீன் பிளாக்கா இருக்கு." ஒருத்தி தப்புச் செய்யலாம். அதே தப்பை அதே நேரத்தில் அடுத்தவளும் செய்வாளா?

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் உற்சவம். வீதியில் வண்டி விடவில்லை. ஸ்கூட்டியை அம்மா மண்டபம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனேன். வாசலில் வண்டிச் சத்தம் இல்லை. சார் எழுந்திருக்கவில்லை. மேஜையில் திரை கறுப்பாகக் கிடந்தது. அந்தக் கறுப்பை என் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

உள்ளறையில் உபன்யாசம் ஓடிக்கொண்டிருந்தது, குறட்டையும்தான். நான் மானிட்டரைத் தொடவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். நான் போட்ட துளை, நான் இழுத்த கேபிள், நான் ஒட்டிய டேப். செருப்பில்லாத காலோடு உள்ளே போய், சாரின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து, டிவியைக் கம்ப்யூட்டர் பக்கம் மாற்றினேன். சுவர் அகலத்துக்கு வந்தது: சுமதி. கீழே பாஸ்வேர்டு கட்டம். பவித்ராவுக்குப் புது லாகின் போட யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் டிவி ஓட ஆரம்பித்ததும், அதில் ஓடுவது உபன்யாசம் என்று தெரியாத கம்ப்யூட்டர், நான் சொல்லிக் கொடுத்தபடியே, டிவியை முதல் திரையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும் இடம் இந்தச் சுவரில் இருக்க, சுமதி அடுத்த அறையில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சரியாகத் தட்டியிருந்தாலும் எல்லாம் இந்தச் சுவர்ப் பக்கம்தான் திறந்திருக்கும். நான் ஸ்கூட்டியில் வந்தபோதெல்லாம் சார் மரியாதையாக எழுந்து, மரியாதையாக டிவியை அணைத்து, பழுதை மரியாதையாக மறைத்துவிட்டார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உபன்யாசம் நின்றதில் சார் விழித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாக, என் செட்டிங்ஸ், என் சீட்டு, டீக்கடை வரைக்கும். அவர் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் பெருமாள் சங்கல்பம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "பெருமாளை விடுங்க சார், செட்டிங்ஸ் வச்சது நான்" என்றேன். அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அவர் முன்னறையில் நகம் கடித்துக்கொண்டிருந்த பவித்ராவை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை என்று எனக்கும் தெரியும். சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த இடத்துல இப்போ இந்தக் குழந்தை உக்காந்திண்டிருக்காளே, இவளை நான் எங்கே அனுப்பறது?"

மண்ணச்சநல்லூர்

ஞாயிற்றுக்கிழமை போனேன். சுமதி இப்போது ஓர் அரிசி ஆலையில் மூட்டைக்குத் தையல் போடுகிறாள். நாற்காலி இல்லாத வேலை. தலைமுடியில் தவிட்டுத் தூசியோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள், டீ போடவில்லை. அவள் கணவர் கூடத்தில் உட்கார்ந்து வாழைத்தார் ஒன்றை வெட்டிச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. டிவி, கேபிள், தூக்கம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். மன்னிச்சிடுங்க என்றேன். நம்பாத முகத்தோடு என்னைப் பார்த்த எத்தனை பேரை நான் மனசுக்குள் திட்டியிருப்பேன், அதே முகத்தை உங்களிடம் காட்டினேன் என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப, சார் படுத்தாத்தான் ஆச்சு?" ஆமாம் என்றேன். கணவர் வாழைத்தாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இத்தனை மாதமாக அவர் வாயில் என்ன வந்திருக்கும் என்பது அவள் அவரைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லட்டுமா, ரஹீம் பாயிடம் கேட்கட்டுமா என்று நான் அவசர அவசரமாக அடுக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். "அதெல்லாம் அப்புறம் மேடம். அன்னிக்கு எழுதினீங்கல்ல ஒரு சீட்டு, அதே மாதிரி எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. இங்க காட்டணும்."

சீட்டுப் புத்தகம் பையில் இருந்தது. கார்பன் வைத்து, கஸ்டமர் பெயர் என்ற இடத்தில் சுமதி என்று எழுதினேன். புகார்: லாக் செய்தபின் திரை கறுப்பாக இருத்தல். பழுதுக்கான காரணம்: சர்வீஸ் எஞ்சினியரின் தவறு. கையெழுத்துப் போட்டேன். வெள்ளைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். சுமதி அதை வாங்கி, உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தாள். கணவரிடம் நீட்டப் போனவள், என்னவோ நினைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "தேதி போடலையே. இன்னிக்குத் தேதி வேணாம் மேடம், முதல் தடவை வந்தீங்களே, அந்தத் தேதியைப் போடுங்க."

பதினாறு வருஷத்தில் காரணக் கட்டத்தில் என் தவறை நான் எழுதிய ஒரே சீட்டு, கம்ப்யூட்டரே இல்லாத ஒரு வீட்டுக்கு எழுதியதுதான்.